காலநிலை ஆய்வை அரசு முடிவோடு இணைக்க நான்கு வழிகள்: தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வெள்ளம் வடிவதற்குள் ஒரு சண்டையும் ஆரம்பித்துவிட்டது. வானிலைத் துறையின் முன்னறிவிப்பு போதவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே எச்சரித்தோமே என்றது மத்திய அரசு.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் சுமார் 6.5 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் பெட்டியே கிடையாது. 21 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும் ஒரே சிவப்பு எச்சரிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. துறை தன் வழக்கப்படி சரியாகத்தான் எச்சரித்தது. ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் அன்று இரவு தேவைப்பட்ட விவரம் வேறு. எந்த ஊரை எத்தனை மணிக்குள் காலி செய்வது, எந்தக் குளத்துக் கரை தாங்காது, எந்தச் சாலையை மூடுவது என்பதெல்லாம் எச்சரிக்கையின் நிறத்தைப் பார்த்துத் தெரியாது.

காலநிலை மாற்றத்துக்கு எப்படித் தகவமைத்துக்கொள்வது என்பது பற்றிய ஆய்வுகளுக்கு இன்று பஞ்சமில்லை. அவை அரசின் முடிவாக மாறும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. இதை அடைக்க உலகில் பல ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் நான்கை இங்கே ஒப்பிடுகிறேன்: பிரிட்டனில் சட்டப்படி அமைந்த நிபுணர் குழு, நெதர்லாந்தின் டெல்டா திட்டம், ஆஸ்திரேலியாவின் தேசிய ஆய்வு மையம், அகமதாபாத் மாநகராட்சியின் வெப்பத் திட்டம். நம் மாநிலம் ஒன்றில் தொடங்க வேண்டுமென்றால் எதில் தொடங்கலாம் என்பதுதான் கேள்வி.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். எத்தனை அறிக்கை வந்தது, எத்தனை கருத்தரங்கு நடந்தது என்று எண்ணுவது வீண். ஒரு அதிகாரி நம்பிக் கையெழுத்துப் போடக்கூடிய ஓர் எண்ணை அந்த ஏற்பாடு உருவாக்கியதா என்றுதான் பார்க்கப் போகிறேன். இத்தனை டிகிரி வந்தால் இதைச் செய், இத்தனை அடி ஏறினால் இதைத் திற என்கிற மாதிரியான எண்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்குச் செம்பரம்பாக்கம் போதும். 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. பிறகு வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் 2019 ஜூனில் இதே ஏரி வறண்டு கிடந்தது, சென்னை முழுக்கக் காலிக்குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தது. முன்னறிவிப்பை நம்பி ஒரு டிஎம்சி தண்ணீரைத் திறந்துவிட்டு, மழை ஏமாற்றிவிட்டால், அடுத்த கோடையில் அந்தப் பொறியாளர்தான் விளக்கம் எழுத வேண்டும். திறக்காமல் இருந்து வெள்ளம் வந்தால் வரலாறு காணாத மழை என்று சொல்லிவிடலாம். அப்படியென்றால் சும்மா இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. இன்னும் நல்ல ஆய்வுக் கட்டுரை வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எழுதிவைத்த விதி வந்தால்தான் மாறும்.

பிரிட்டன்: பதில் சொல்லியே ஆக வேண்டும்

பிரிட்டன் 2008-ல் காலநிலை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசு, நாட்டுக்கு என்னென்ன ஆபத்து வரும் என்ற மதிப்பீட்டை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். 2012, 2017, 2022 என்று மூன்று முறை வைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டுக்குப் பின் ஒரு தேசியத் தகவமைப்புத் திட்டம் வர வேண்டும். இவற்றைச் சரிபார்க்க, அரசுக்கு அடங்காத நிபுணர் குழு ஒன்று உண்டு. அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்றத்தை அளந்து நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தரும். குறித்த தேதிக்குள் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். தண்ணீர், மின்சாரம், ரயில் போன்ற சேவைகளை நடத்தும் நிறுவனங்களிடமும் அவற்றின் தயார்நிலை பற்றி அறிக்கை கேட்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. செலவும் குறைவு. ஆட்சி மாறினாலும் சட்டம் இருக்கும்வரை கேள்வி இருந்துகொண்டே இருக்கும்.

நடந்தது என்ன? 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 40-ஐத் தாண்டியது அதுவே முதல்முறை. தண்டவாளம் வளையும் என்று ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள், பல ரயில்களை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்த நிபுணர் குழுவே, தகவமைப்பைப் பொறுத்தவரை கடந்த பத்தாண்டு வீணாகிப் போனது என்று எழுதியது. அதே ஆண்டு வந்த மூன்றாவது தேசியத் திட்டமும் தேவைக்கு வெகு தூரம் குறைவு என்று 2024-ல் சொன்னது. மூன்றாவது ஆபத்து மதிப்பீட்டில் மட்டும் 61 ஆபத்துகளும் வாய்ப்புகளும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 61-ஐயும் ஓர் அமைச்சகத்தின் முன் வைத்தால் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதி அனுப்பிவிடுவார்கள். பதில் சொல்லும் கடமையை அப்படியும் நிறைவேற்றலாம்.

ஆனால் அதே பிரிட்டனில் ஒரு விஷயம் நன்றாக நடந்திருக்கிறது. அது இந்தச் சட்டத்துக்கு முன்பே, 2002-ல் ஆரம்பித்த வேலை. லண்டனைக் கடல் ஏற்றத்திலிருந்து காக்க தேம்ஸ் ஆற்றின் குறுக்கே 1982 முதல் இயங்கிவரும் பெரிய தடுப்பு இருக்கிறது. அது எவ்வளவு காலம் தாங்கும், அப்புறம் என்ன செய்வது என்பது சுற்றுச்சூழல் முகமையின் முன் இருந்த கேள்வி. இதைப் படித்த ஆய்வாளர்கள் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். 2100-ல் கடல் எவ்வளவு உயரும் என்று கேட்டால் விடை அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் வரை எங்கேயும் போகும். விஞ்ஞானிகள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடல் எவ்வளவு உயர்ந்தால் இந்தத் தடுப்பு போதாமல் போகும், புதிதாகக் கட்ட எத்தனை ஆண்டு ஆகும், எனில் எந்த அறிகுறியைக் கண்டதும் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டால் விடை ஒரு பொறியாளர் கையாளக்கூடிய அளவுக்கு வந்துவிடும். 2012-ல் வெளியான திட்டம் இந்த அடிப்படையில்தான் இருக்கிறது. கடல்மட்டத்தையும் தடுப்பை மூடும் எண்ணிக்கையையும் கண்காணிக்கிறார்கள். 2013-14 பருவத்தில் 50 தடவை மூட வேண்டியிருந்தது. பழுதுபார்க்க இடைவெளி வேண்டுமே என்ற கவலை அப்போதே வந்தது. 2023-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோது ஆற்றின் மேற்பகுதிக் கரைகளை உயர்த்தும் வேலையை 15 ஆண்டு முன்னுக்குக் கொண்டுவந்து, 2050-க்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். தடுப்பின் எதிர்காலம் பற்றிய முடிவுக்கு 2040 என்று தேதி குறித்திருக்கிறார்கள்.

ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே விஞ்ஞானிகள். ஒரு பக்கம் 61 வரிப் பட்டியல், இன்னொரு பக்கம் தேதியோடு கூடிய முடிவு. தேம்ஸ் விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. பிரிட்டன் சட்டத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை ஏனோ கண்டுகொள்வதில்லை.

நெதர்லாந்து: ஆய்வும் பணமும் ஒரே கூரையில்

பொறாமைப்பட வைக்கும் உதாரணம் இதுதான். பொறாமையோடு கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும்.

1953 பிப்ரவரி 1 அதிகாலை வந்த கடல் வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டெல்டா அணைகள் எழுந்தன. 1995-ல் ஆறுகள் பெருகி சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தபோது, கரையை உயர்த்திக்கொண்டே போவது போதாது, ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்ற எண்ணம் பலமானது. அந்தத் திட்டத்துக்கு மட்டும் சுமார் 230 கோடி யூரோ செலவழித்து, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள், வெள்ளச் சமவெளிகளை ஆழப்படுத்தினார்கள். 2008-ல் வேர்மன் தலைமையிலான குழு, வெள்ளம் வந்த பிறகு குழு போடுவதை விட்டுவிட்டு வருவதற்கு முன்பே தயாராவோம் என்ற பாணியில் பரிந்துரைகளைத் தந்தது. 2012 ஜனவரி 1 முதல் டெல்டா சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் சாரம் மூன்று பொருட்களில் இருக்கிறது: ஒரு டெல்டா ஆணையர், ஒரு டெல்டா நிதி, ஆண்டுதோறும் ஒரு டெல்டா திட்டம். நிதியில் ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் புழங்குகிறது. பல ஆண்டுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஆண்டுத் திட்டம் செப்டம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, அரசின் பட்ஜெட்டோடு சேர்ந்து நாடாளுமன்றத்துக்குப் போகிறது. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் மிகப் புத்திசாலித்தனமான அம்சம் இந்தத் தேதிதான். ஆய்வறிக்கை தனியாக ஒரு மூலையில் வெளியாவதில்லை. பணம் ஒதுக்கும் நாளில், பணத்தோடு ஒன்றாக வருகிறது.

ஆய்வு எப்படி உள்ளே வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு வானிலை நிறுவனம் 2006, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் எதிர்காலக் காலநிலை எப்படியெல்லாம் அமையலாம் என்ற காட்சிகளை வெளியிட்டது. ஒரே எதிர்காலத்தைக் கணிக்காமல் சிலவற்றை மட்டும் முன்வைப்பார்கள். எல்லாத் துறைகளும் அவற்றையே பயன்படுத்தும். பொதுப்பணியும் விவசாயமும் நகர அமைப்பும் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. டெல்டாரஸ் என்ற நிறுவனம் நீர், மண் தொடர்பான ஆய்வுகளைச் செய்கிறது. புதிதாக வந்த அறிவியலால் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஒரு குழு உண்டு. அன்டார்க்டிகாவின் பனி நினைத்ததைவிட வேகமாகக் கரையக்கூடும் என்ற ஆய்வுகள் வந்ததும், 2019-ல் கடல்மட்ட உயர்வுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய முடிவுகளை மறுபரிசீலனை செய்கிறார்கள்.

என் அளவுகோலுக்கு வருகிறேன். 2017 முதல் அங்கே சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. கரைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு, ஓராண்டில் லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 2050-க்குள் எல்லாக் கரைகளும் அந்தத் தரத்துக்கு வர வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் தனித்தனித் தரம் கணக்கிடப்படுகிறது. எந்தக் கரையை முதலில் பலப்படுத்துவது என்ற சண்டை பெருமளவுக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு உயிருக்கு எவ்வளவு ஆபத்து தாங்கலாம் என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்தது, அதற்கு எவ்வளவு உயரக் கரை வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்த நாடு வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. அங்கே நீர் வாரியங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தேர்தல், வரி எல்லாம் வைத்துச் செயல்படுகின்றன. நாட்டின் பெரும் அச்சம் தண்ணீர் என்ற ஒன்றுதான். நமக்கோ வெள்ளம், வறட்சி, வெப்பம், புயல், கடலரிப்பு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அதோடு, டெல்டா திட்டமே கூட ஆறு, கடல் விஷயத்தில் காட்டும் உறுதியை நகரத்து வெப்பத்திலும் திடீர் மழையிலும் காட்டவில்லை. அவை உள்ளாட்சிகளின் கையில் இருப்பதால் மெதுவாக நகர்கின்றன. 2021 ஜூலையில் லிம்பர்க் மாகாணத்தில் சிற்றோடைகள் பெருகி ஃபால்கன்பர்க் நகரம் மூழ்கியபோது அது தெரிந்தது. வங்கதேசம் நெதர்லாந்தின் உதவியோடு 2018-ல் ‘டெல்டா திட்டம் 2100’ கொண்டுவந்தது. 2030 வரைக்கும் 80 பணிகள், 3,700 கோடி டாலர். திட்டத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிடலாம், அதன் அடியில் இருக்கும் நிரந்தர நிதியை அப்படிக் கொண்டுவர முடியாது.

ஆஸ்திரேலியா: மையம் ஒன்று திறப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2008 வாக்கில் ஆஸ்திரேலிய அரசு கோல்ட் கோஸ்ட்டில் இருக்கும் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் தகவமைப்புக்கென ஒரு தேசிய ஆய்வு மையத்தை அமைத்தது. ஆய்வு மானியங்களையும் சேர்த்து சுமார் 5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கினார்கள். உடல்நலம், கடல்வளம், தண்ணீர், விவசாயம் என்று துறைவாரியாக ஆய்வுத் திட்டங்கள் வகுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். தரமான வேலை. 2013-ல் முதல் கட்டம் முடிந்தது, ஆட்சியும் மாறியது. அடுத்த கட்டத்துக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. கடலோர உள்ளாட்சிகளுக்கான ‘கோஸ்ட்அடாப்ட்’ என்ற வழிகாட்டித் தளத்தைக் கட்டி முடித்துவிட்டு மையம் மெல்ல அடங்கிப் போனது. பிறகு 2019-20 காட்டுத்தீ வந்தது, விசாரணை ஆணையம் வந்தது, 2021-ல் காலநிலைச் சேவைக்கென இன்னொரு அமைப்பு புதிதாக உருவானது.

மையத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுடைய விடைகளுக்காகக் காத்திருந்த கோப்பு எதுவும் அரசில் இல்லை. அதனால் மையத்தை மூடியபோது எந்த வேலையும் நின்றுபோகவில்லை. யாரும் அதற்காகக் கூச்சல் போடவில்லை. எண்ணும் வரவில்லை, வழிகாட்டிதான் வந்தது. வழிகாட்டியைப் படிக்காமல் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் காலநிலை பற்றிப் பேச்சு வந்தாலே ‘உயர்திறன் மையம் அமைக்கப்படும்’ என்ற அறிவிப்புதான் முதலில் வருகிறது என்பதால்தான் இந்த உதாரணத்தைச் சேர்த்தேன்.

அகமதாபாத்: ஒரே ஒரு கேள்வி

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அப்போது அது பெரிய செய்தியாகவில்லை. குஜராத்தில் வெயில் அடிப்பதில் என்ன புதுமை? பிறகு காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டுக் குழுக்களும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு வெப்பத்தாக்கு என்று எழுதப்படவே இல்லை. மாரடைப்பு, காய்ச்சல், வயது என்று ஏதோ ஒரு காரணத்தில் கரைந்து போயிருந்தார்கள்.

இந்த எண் மாநகராட்சி ஆணையரின் மேசைக்குப் போனபோது நிலைமை மாறியது. அது அவருடைய ஊர், அவருடைய பதிவேடு, அவருடைய அலுவலகம் கொடுத்த சான்றிதழ்கள். எங்கோ செய்த மாதிரிக் கணிப்பு என்று தள்ளிவிட முடியாது. 2013-ல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே தொடங்கியது. எந்த வெப்பத்தில் இறப்பு ஏறத் தொடங்குகிறது என்று உள்ளூர்த் தரவிலிருந்தே பார்த்து எல்லைகள் வகுத்தார்கள். 45 டிகிரி வந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் யார் யாருக்கு போன் செய்வது, எந்த மருத்துவமனையில் என்ன தயார் செய்வது, தண்ணீர்ப் பந்தல் எங்கே, பூங்காக்களை எத்தனை மணி வரை திறந்து வைப்பது என்று எல்லாம் எழுத்தில் இருந்தது.

அதே ஆய்வுகளின் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. ஓர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. வெயில் நேரே கூரையில் இறங்கும். 2010 கோடையில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் கணக்கைப் பார்த்தார்கள். 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அப்படி வரும் குழந்தைகள் 43 சதவீதம் கூடினார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் குறைந்தது. இதைச் செய்ய எந்தப் பன்னாட்டு நிதியும் வேண்டியதில்லை. கட்டில்களைத் தூக்கி வைத்தால் போதும். ஆனால் மாற்று என்று எழுத்தில் சொல்ல, பதிவேட்டை உட்கார்ந்து எண்ணியவர் ஒருவர் தேவைப்பட்டார்.

2018-ல் வந்த மதிப்பீடு, திட்டத்துக்குப் பிந்தைய காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்றது. அதன் நம்பக இடைவெளி 162 முதல் 2,218 வரை, அதாவது உண்மையான எண் இதற்குள் எங்கேயும் இருக்கலாம். அவ்வளவு அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு துல்லியம் பேச முடியாது. ஆனால் குறைந்தபட்சத்தை எடுத்தாலும் திட்டத்தின் செலவுக்கு மோசமில்லை.

குறைகளும் உண்டு. இது அவசர நிலைக்கான ஏற்பாடு. தகரக் கூரை வீட்டில் இரவு முழுக்க வேகிறவருக்குத் தண்ணீர்ப் பந்தல் தீர்வாகாது. வெள்ளைக் கூரைத் திட்டம் போன்றவை பின்னால்தான் வந்தன. சட்டத்தின் பின்பலமும் இல்லை, உற்சாகமான ஆணையர் மாற்றலாகிப் போனால் சூடு குறையலாம். பெரிய குறை, இதைப் பார்த்து மற்றவர்கள் நகலெடுத்த விதம். டெல்லியில் இருக்கும் கொள்கை ஆய்வு மையம் ஒன்று 2023-ல் நாட்டின் 37 வெப்பச் செயல்திட்டங்களைப் படித்துப் பார்த்தது. பணம் எங்கிருந்து வரும் என்று சொன்னவை மூன்று. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கெடுத்தவை இரண்டு. உள்ளூருக்கென வெப்ப எல்லை வகுத்ததாகத் தெரிந்தவை பத்து. அதாவது, அகமதாபாத் திட்டத்தின் மேலட்டையை நகலெடுத்தார்கள், பதிவேட்டை எண்ணும் வேலையை விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு எது?

நம்மிடம் அமைப்புகள் ஏராளம். மாநிலக் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. 38 மாவட்டங்களிலும் கலெக்டர் தலைமையில் மாவட்ட இயக்கம், அதற்கு மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். முதலமைச்சர் தலைமையில் 2022-ல் ஒரு உயர்மட்டக் குழு அமைந்தது. பசுமைக் காலநிலை நிறுவனம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றத்துக்கான மையம் உண்டு. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆய்வு மையம் இருக்கிறது. அவர்களும் ஐஐடிகளும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்னையில் எங்கே எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று காட்டும் எச்சரிக்கை அமைப்பை 2019-ல் தந்தார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்தாயிற்று.

நல்ல முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு ஏன் அழிகிறது என்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தபோது, மக்கள் வெட்டுவதுதான் காரணம் என்ற பொதுக் கருத்து முழு உண்மையில்லை என்று தெரிந்தது. பழைய காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்கள் பள்ளமாகி, உப்புநீர் வெளியேறாமல் தேங்கி, புதிய கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்தன. மீன் எலும்பு வடிவில் கால்வாய் வெட்டி அலைநீரை உள்ளே வெளியே ஓடவிட்டார்கள். வனத்துறை உடன் நின்றது, பிறகு அந்த முறையைத் தானே எடுத்துக்கொண்டது. முத்துப்பேட்டைக்கும் வேறு மாநிலங்களுக்கும் போனது. இங்கேயும் ஒரு துறை, ஒரு இடம், ஒரு கேள்வி.

மற்ற பக்கத்தில் சென்னை வெள்ளத் தடுப்புக்காக 2021-ல் அமைத்த திருப்புகழ் குழு. 2023 மார்ச்சில் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, அறிக்கையை வெளியிடுங்கள், எதை ஏற்றீர்கள் என்று சொல்லுங்கள் என்ற குரல் பலமாக எழுந்தது. நிபுணர் குழு என்ன சொன்னது, அரசு எதை எடுத்துக்கொண்டது, எதை ஏன் விட்டது என்று வரிக்கு வரி பதில் சொல்லும் கட்டாயம் இங்கே யாருக்கும் இல்லை.

ஆகவே என் தேர்வு இது. ஆஸ்திரேலிய வழியை விட்டுவிடலாம். இன்னொரு மையத்துக்கு இப்போது அவசியமில்லை. நெதர்லாந்து வழி நீண்டகால ஆசையாக இருக்கட்டும். உடனடியாக எடுத்துக்கொள்ள வேண்டியது அகமதாபாத் முறை. அதோடு பிரிட்டன் சட்டத்திலிருந்து ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும்: பதில் சொல்லும் கடமை.

அதற்குச் சட்டம்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. அது அச்சாகிறது, எதிர்க்கட்சி படிக்கிறது, பத்திரிகைக்காரர்கள் புரட்டுகிறார்கள். அதில் இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்லி ஒரு அரசாணை போதும். முதல் பக்கத்தில், இந்தத் துறை அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு ஆய்வாளர்களிடம் கேட்கும் மூன்று கேள்விகள். இரண்டாவது பக்கத்தில், போன ஆண்டு கேட்டதற்கு வந்த விடை, அதை ஏற்றோமா, இல்லையென்றால் ஏன். நெதர்லாந்தின் செப்டம்பர் செவ்வாய்க்கிழமைக்கு நம் ஊர்ச் சமானம் இதுதான். பணம் பேசும் நாளில் ஆய்வும் மேசையில் இருக்கும்.

கேள்விகளைத் துறைகளே எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆய்வாளர்களிடம் விட்டால் 2050-ல் சராசரி மழை எத்தனை சதவீதம் மாறும் என்று எழுதுவார்கள். மாநகராட்சிப் பொறியாளருக்கு அது உதவாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கொட்டும் என்று வைத்துக்கொண்டு இந்தத் தெருவின் வடிகாலை எத்தனை அடி அகலம் கட்டுவது, பழைய மழைக்கணக்கு இன்னும் செல்லுமா என்பதுதான் அவருடைய டெண்டரில் எழுத வேண்டியது. வடிகால் ஒருமுறை கட்டினால் பல பத்தாண்டு கிடக்கும். அந்த ஒரு எண் தவறினால் எந்தக் காலநிலை இயக்கமும் அதைத் திருத்த முடியாது.

எந்தத் துறையில் ஆரம்பிப்பது? சுகாதாரத் துறை. காரணம் எளிது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. இறப்புப் பதிவும் பொதுச் சுகாதார இயக்ககமும் பல மாநிலங்களைவிட நன்றாக இயங்குகின்றன. தரவு வீட்டிலேயே இருக்கிறது. அகமதாபாத்தின் 45 டிகிரி இங்கே பயன்படாது என்பதும் தெரிந்ததே. கடலோர ஊர்களுக்கு வெப்ப அலை என்று அறிவிக்க வானிலைத் துறை பார்க்கும் அடிப்படை வெப்பமே 37 டிகிரிதான், சமவெளிக்கு 40. சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஈரப்பதம் சேர்ந்து 38 டிகிரியே ஆளை அடித்துப்போடும். வேலூரில் அதே 38 சாதாரண நாள். இரவு வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் எந்த அளவில் இறப்பு ஏறுகிறது என்று பதிவேட்டிலிருந்து எண்ணி, ஊருக்கு ஒரு எல்லை. அந்த எல்லை தொட்டால் கட்டட வேலை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று கலெக்டர் கையெழுத்திட ஒரு மாதிரி உத்தரவு. இது ஒரு கோடைக்குள் முடியக்கூடிய வேலை.

செம்பரம்பாக்கத்துக்கும் பூண்டிக்கும் வேண்டியது தேம்ஸ் மாதிரித் தலைகீழ்க் கேள்வி: ஏரி இவ்வளவு நிறைந்திருக்கும்போது, முன்னறிவிப்பு இவ்வளவு உறுதியோடு இவ்வளவு மழை என்றால், எத்தனை அடியைக் காலி செய்து வைக்க வேண்டும்? அந்த மழை வராமல் போனால் ஏற்படும் குடிநீர்க் குறையை யார் ஏற்றுக்கொள்வது? முதல் பாதி கணக்கு. ஐஐடியோ அண்ணா பல்கலைக்கழகமோ போட்டுத் தந்துவிடும். இரண்டாவது பாதியை எந்தப் பேராசிரியரும் முடிவு செய்ய முடியாது. நீர்வளத்துறையும் குடிநீர் வாரியமும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், விதிப்படி திறந்த பொறியாளர் மீது பின்னால் நடவடிக்கை இல்லை என்று அரசு எழுதித் தர வேண்டும். இதை முதல் ஆண்டில் எதிர்பார்ப்பது அதிகம். கொள்கை விளக்கக் குறிப்பில் கேள்வியாக அச்சில் வரட்டும். இரண்டு துறைகளும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் எழுதினால், அதைச் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஒரு உறுப்பினர் இருந்தால் போதும்.